மலைப்பூ இல்லாத தேன்

அக்கா,

சோதனைக்கூடத்து உறையைப் பிரித்தபோது இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், உங்கள் மகள். நடுவில் நீங்கள் கடைசியாக எடுத்த தேன், என் கையால் ஒட்டிய ‘கொல்லிமலைத் தேன்’ லேபிளோடு.

தேனில் கலந்திருக்கும் மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே எந்தப் பக்கத்துத் தேன் என்று சொல்லிவிடுகிறார்கள். முருங்கை, தென்னை, எள் என்று எழுதியிருந்தது. மலையில் பூக்கும் காப்பி பேருக்குக்கூட இல்லை. மலைத்தேன் அல்ல, சமவெளித் தேன் என்று முடித்திருந்தார்கள்.

“எங்கம்மா ஊரையே ஏமாத்துச்சுங்களா?” என்றாள் உங்கள் மகள். இனி உங்கள் தேன்பெட்டிகளை நடத்தப்போகிறவள்; அதற்காகத்தான் தேனைச் சோதனைக்கு அனுப்பியிருந்தாள்.

“முருங்கைத் தேனுன்னா தொண்டைல எறங்காதாக்கும்?” என்று இவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

உங்கள் தேனைப் பாட்டிலில் அடைத்து விற்கிற நான், என் கணக்கு நோட்டை எடுத்தேன். எந்தப் பெட்டி, எங்கே வைத்தது, என்றைக்கு எடுத்த தேன், எல்லாம் அதில் இருக்கிறதே. அந்த வருடம் உங்களுக்கு முழங்கால் வலி. பெட்டிகள் மலையேறவில்லை, மோகனூரில் உங்கள் முருங்கைத் தோட்டத்திலேயே இருந்தன. “மலைன்னு ஒட்டிப்போடாத சாமி, இது நம்ம தோட்டத்துத் தேனு” என்றீர்கள். “ஆகட்டுங்கக்கா” என்றேன். ஆனால் கிருத்திகை அபிஷேகத்துக்கு மலைத்தேன்தான் வேண்டும் என்று வந்து நின்றவர்களிடம் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. மீந்திருந்த லேபிளையே ஒட்டினேன். நோட்டில் மட்டும் ‘தோட்டம்’ என்று சரியாக எழுதி வைத்தேன்.

அவளிடம் அத்தனையும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்தை அவளே ஒருமுறை படித்தாள். “அம்மா இந்த லேபிளப் பாக்கவே இல்லீங்களா?” என்றாள்.

பார்த்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று பாட்டிலைக் கையில் எடுத்து, லேபிளைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவி, திரும்ப வைத்தீர்கள். “போய்ட்டு வாரேன்” என்றதோடு சரி, உயிரோடு திரும்பவில்லை. கோபமா, வந்து பேசிக்கொள்ளலாம் என்று விட்டீர்களா, தெரியவில்லை. அந்தத் தடவலைத்தான் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

முருகனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் கேட்கத்தான் வழி தெரியாமல் இருந்தது. உங்கள் மகள்தான் சொன்னாள்: வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலில் பூ கேட்கலாம் என்று. வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டு பொட்டலம் மடித்து வைத்து ஒன்றை எடுப்போம். என்மேல் வருத்தம் இல்லையென்றால் வெள்ளையைக் கொடுங்கள். இருந்தால் சிவப்பையே கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பதிலை மட்டும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், அக்கா.