எதிர் நீரில் விட்ட படகு

ரப்பர் கருகிய வாடை இன்னும் கூடத்தை விட்டுப் போகவில்லை. ஜன்னலெல்லாம் திறந்துதான் கிடக்கிறது. உங்கள் படகைக் கருக்கியது நான்தான். திட்டாதீர்கள், முதலில் கேளுங்கள்.

வடநாடெல்லாம் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சுற்றிவிட்டு வந்து, அந்த வயதில் ரிமோட் படகு வாங்கினீர்களே, புதுச்சத்திரம் ஊரே சிரித்தது. நானும்தான். "காத்தாடி வெளிய இல்லீங்களே, எப்படிங்க ஓடும்?" என்றேன். "வயித்துல தண்ணிய உறிஞ்சி வால்ல பீச்சும் அம்மிணி, பாரு" என்றீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் மோகனூர் ஆற்றில் நீங்கள் ரிமோட்டோடு நிற்பீர்கள். கொஞ்சம் கீழே, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான். பாசி சிக்கிப் படகு நின்றுவிட்டால் காவிரி இழுத்துக்கொண்டு போய்விடும், அதைப் பிடிப்பதுதான் என் வேலை. ரிமோட்டை நீட்டும்போதெல்லாம் "எனக்கெதுக்குங்க அந்தக் கருமம்" என்பேன்.

வீட்டுக்கு வந்தால் சோறு அப்புறம்தான். தண்ணீர் உறிஞ்சும் அடிவாய்ச் சல்லடையில் சிக்கிய வேரை என் கொண்டை ஊசியால் நோண்டி எடுத்து, ஈரம் துடைத்து, மோட்டார் தண்டுக்கு கிரீஸ் வைத்த பிறகே கை கழுவுவீர்கள். கடைசி ஞாயிறு மட்டும், "நாளைக்குப் பாத்துக்கலாம் அம்மிணி, என்னமோ அசதியா இருக்குது" என்று நாற்காலியில் சாய்ந்தீர்கள். அவ்வளவுதான்.

காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு வீடு என்னைத் தின்றது. டிவியை அலறவிட்டுப் பார்த்தேன், ஆகவில்லை. அந்தப் படகுச் சத்தத்தைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. சாப்பாட்டு மேசைமேல் வைத்து, பேட்டரியை மாட்டி ரிமோட்டை அழுத்தினேன். வீல் என்று கத்தியது. ஐயோ, எத்தனை நாளாயிற்று! வயிற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் தண்டு சூடாகி அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் வெந்துவிடும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் விரலை எடுக்க மனசு வரவில்லை. புகை வந்த பிறகுதான் எடுத்தேன்.

நாமக்கல்லில் மோட்டார் பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "ஏனுங்கக்கா, பேரனோடதுங்களா?" என்றார் கடைக்காரர்.

"எங்கூட்டுக்காரரோடதுங்க."

சிரித்துவிட்டார். "அப்ப அவரையே வரச்சொல்லுங்க. என்ன சைஸ் சீலுன்னு கேட்டுப் போட்டுக் குடுத்தர்றேன்."

"அவரு வரமாட்டாருங்க."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு டப்பா டப்பாவாகக் கொட்டித் தேடி, சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சீல் எடுத்துக் கொடுத்தார். தானே போட்டுத் தருவதாகவும் சொன்னார். நான் விடவில்லை.

வீட்டில் திருகுகளைக் கழற்றித் தண்டை உருவினால், அதில் காய்ந்த பாசி சுற்றிக் கிடக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாசி. அதை எடுக்காமல் தண்டு உள்ளே போகாது. வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஊசியை விட்டு இழுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்புறம் சீலை அழுத்தி, கிரீஸ் வைத்து, விரலால் சுற்றிப் பார்த்தேன். நைசாகச் சுற்றியது.

இன்று காலை மோகனூர் போனேன். தண்ணீரில் இறங்கி, ரிமோட்டைக் கையில் பிடித்த பிறகுதான் உறைத்தது, கீழே நின்று பிடிக்க ஆள் இல்லை. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் படகை மேல்பக்கமாக, எதிர் நீரில் விட்டேன். நின்றுபோனாலும் ஆறே என்னிடம் கொண்டுவந்து சேர்க்குமே!

பாய்ந்தது பாருங்கள்! நீங்கள் விட்டபோதுகூட அப்படிப் போனதில்லை. தூரத்தில் போய் வேர் சிக்கி நின்றது. ரிமோட்டை இடுக்கிக்கொண்டு காத்திருந்தேன். மெல்ல மெல்ல மிதந்து வந்து என் முழங்காலில் முட்டியது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, "ஏனுங்க, நானே ஓட்டிட்டேனுங்க!" என்று கரையைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறும் போவேன். ஓட்ட வந்துவிட்டது, பிரித்து மாட்டவும் வந்துவிட்டது. வந்துவிட்டது என்று சொல்லத்தான் நீங்கள் இல்லை.