தபால் பைக்காக உள்ளே போன மயில்சாமி அண்ணனுக்கு

என் பாசமுள்ள மயில்சாமி அண்ணா,

மாதங்கள் போய்விட்டன. எனக்குள் அந்தச் சுவர் இன்னும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

அமராவதி அணை கட்டி முடித்த சமயத்தில் இந்த ஊருக்கு ஒற்றை ஆசிரியையாக வந்தேன். பள்ளிக்கூடம் என்பது மண்சுவர் வைத்து ஓடு வேய்ந்த ஓர் அறை. பிறகு அதன் மூலையிலேயே கிளைத் தபால் நிலையத்தையும் வைத்து என்னையே பொறுப்பாளராக்கினார்கள். அதுவரை ஊருக்கு வரும் கடுதாசி, கொமரலிங்கம் சந்தைக்குப் போய் வருகிறவர்கள் கையில் என்றைக்காவது வந்து சேரும். மடத்துக்குளத்திலிருந்து தினமும் பையைத் தோளில் போட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்.

தபால் வந்தது, பிள்ளைகள் வரவில்லை. ஆடு மேய்க்கவும் பருத்தி எடுக்கவும் போய்விடுவார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போன பெரிய பையன்கள் எழுதும் கார்டுகளை வீடு வீடாக நீங்களே படித்துக் காட்டுவீர்கள். திடீரென்று ஒருநாள் நிறுத்திவிட்டீர்கள். கண் மங்கிப்போச்சு, எழுத்து தெரியவில்லை என்று எல்லா வாசலிலும் சொன்னீர்கள். சின்னதுகளை டீச்சரிடம் படிக்க அனுப்பினால் அதுகளே கார்டைப் படித்துச் சொல்லும் என்றும் சொல்லிவைத்தீர்கள். அறை நிரம்பியது. "கண்ணு நல்லாத்தான் இருக்குது அம்மிணி" என்று என்னிடம் மட்டும் சிரித்தீர்கள்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. நீங்கள் பையை மூலை மேசையில் வைத்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தீர்கள். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவரின் மேலிருந்து ஈரமண் கட்டி ஒன்று கரும்பலகையில் விழுந்தது. இன்னொன்று. எல்லோரையும் எழுப்பி விரட்டினேன். முன்வரிசைக் குட்டிகள் இரண்டை நீங்கள் இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடி வந்தீர்கள். வேப்பமரத்தடியில் தலைகளை எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. நிம்மதியில் எனக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது.

அப்போதுதான் உங்கள் தோளைத் தொட்டுப் பார்த்தீர்கள். "பை உள்ள கெடக்குதுங்க அம்மிணி" என்றீர்கள், குடையை மறந்துவிட்டு வந்தவர் மாதிரி. வேண்டாம் அண்ணா என்று நான் சொன்னேனா, சொல்ல வாயெடுத்தேனா? தெரியவில்லை. நீங்கள் வாசல் தாண்டி உள்ளே போனதும் கூரை ஓடும் சுவரும் ஒன்றாக உட்கார்ந்தன. பெரிய சத்தம்கூட இல்லை. பிள்ளைகள் யாரும் அழவில்லை. நானும் அழவில்லை. நீங்கள் இப்போது வெளியே வந்துவிடுவீர்கள் என்றே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆண்கள் மண்வெட்டியோடு ஓடி வந்து தோண்டினார்கள். பை உங்கள் நெஞ்சுக்கு அடியில் இருந்தது. ஒரு கார்டுகூட நனையவில்லை.

மறுநாள் நானே அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேற்கு வீதி ராமாத்தா கை நீட்டவில்லை. மகன் எழுதிய கார்டுதான். "இப்ப வேண்டாமுங்க டீச்சர்" என்று உள்ளே போய்விட்டாள்.

தபால் மேலதிகாரி வந்து உங்கள் கடமையுணர்ச்சியைப் புகழ்ந்தார். அண்ணி செல்லாத்தா அவரை நிமிர்ந்து பார்த்து, "அதுல அப்படி என்னங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். நானும் அதையேதான் கேட்கிறேன். ஏன் போனீர்கள் அண்ணா? பிள்ளைகள் எல்லோரும் வெளியே நின்றார்களே, அது போதவில்லையா? அவசரமான சேதி யாருக்காவது இருக்கும் என்று நினைத்தீர்களா, இல்லை, ஒன்றுமே நினைக்கவில்லையா?

இப்போது மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் ஒருவர்கூடப் படிப்பை நிறுத்தவில்லை. ஆனால் தூறல் விழுந்தால் வாய்ப்பாடு தானாக நின்றுவிடுகிறது. எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். கல்கட்டடத்துக்கு உத்தரவு வந்திருக்கிறதாம்.

உங்கள் இடத்துக்கு வந்திருப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: பை போனால் போகட்டும், கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நான் இங்கே இருக்கும்வரை ஒரு காகிதத்துக்காக எந்த மனுசரையும் உள்ளே போக விடமாட்டேன். இந்த முறை, கையைப் பிடித்தாவது நிறுத்துவேன்.

உங்கள் உடன்பிறவாத் தங்கச்சி,
சரோஜா