ஆறுவதற்குள் சாப்பிட்டேன்

என்னங்க,

நீங்கள் வெளியூர் வேலைக்குத் திரும்பியதிலிருந்து வாசலைத் தாண்டாத நான், இன்று மதியம் பாப்பாவோடு தெருமுனை பீட்சாக் கடைக்குப் போனேன். அழுதால் வீட்டுக்கு ஓடி வர வசதியாகக் கதவோரம் உட்கார்ந்தேன்.

பீட்சா வந்ததும் கடையே அதிர அழுதாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கடைக்கார அக்கா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவளை வாங்கிக்கொண்டார். "நீ ஆறுறதுக்குள்ள சாப்பிடும்மா. இவ்ளோ கத்துறவளுக்கு மூச்சுக்கு என்ன குறைச்சல்!"

எப்படிக் கண்டுபிடித்தாரோ. அவள் தூங்கும்போதெல்லாம் மூக்கருகே நான் விரல் வைத்துப் பார்ப்பதை உங்களிடம்கூடச் சொன்னதில்லை.

முழுசையும் சூடாகச் சாப்பிட்டேன். பாப்பா அந்த அக்காவின் தோளிலேயே தூங்கிப்போனாள்.

இப்போதும் உள்ளே தூங்குகிறாள். எழுந்து போய்ப் பார்க்காமல் இவ்வளவும் எழுதிவிட்டேன்.

உங்கள்
பயந்தாங்கொள்ளி