வெள்ளிக்கிழமை அரவை

பாய்,

இன்று காலை நம் தீவின் அபர்டீன் பஜாரில் ஒரு மாவு மில்லைக் கடந்தேன். சூடான கோதுமை மாவின் மணம் வந்ததும், புருவம்வரை வெளுத்துப்போய் நீங்கள் என் முன்னே நின்றீர்கள். நீங்கள் இப்போது இல்லை என்பது நாலடி நடந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் மகள் என் வகுப்பில் படித்தாள். ஊதிய வயிறும் குச்சிக் கால்களுமாக இருந்தவளைக் கப்பலேற்றி மதராஸுக்குக் கொண்டுபோனீர்கள். சீலியாக் நோய், கோதுமையைக் குடல் ஏற்காது, அரிசி கொடுங்கள் என்றாராம் டாக்டர். சோறும் இடியாப்பமுமாகக் கொடுத்தும் அவள் தேறவில்லை. கரும்பலகையை எவ்வளவு துடைத்தாலும் சாக்பீஸ் தூள் மிஞ்சும் அல்லவா? அதுபோல உங்கள் மில்லில் தங்கிய கோதுமை மாவு அவளுடைய அரிசி மாவில் கலந்துகொண்டிருந்தது. அது புரிந்த அன்றே வீட்டுக்குத் தனித் திரிகை வந்தது. மெல்ல அவள் கன்னத்தில் சதை பிடித்தது.

ஆனால் மதராஸில் அவளைக் குழாய் விழுங்கவைத்துக் குடலைச் சோதித்ததை உங்களால் மறக்க முடியவில்லை. "ரத்தத்துலயே கண்டுபிடிக்க வழி தேடுறாங்க டீச்சர். காசில்லாம நிக்குதாம்" என்றீர்கள். வெள்ளிக்கிழமை அரவைக் கூலி முழுவதும் 'கோதுமை மாவு ஆகாத நோய்' ஆராய்ச்சிக்கு என்று மில் கதவில் என்னை எழுதவைத்தீர்கள்.

படித்துவிட்டு முதலில் சிரித்தவர் எதிர்வீட்டுக் காண்ட்ராக்டர்.

"அரே பாய், மாவு மில்லு வச்சிக்கிட்டு மாவு ஆகாதுங்கிறீரே! யாவாரம் படுத்துரும்."

"எல்லாருக்கும் ஆகாதுன்னா மில்ல மூடிருவேன்ல? செல பேருக்குத்தான் அண்ணே."

"யாருக்கு?"

"அதான் இன்னும் தெரியல. தெரிஞ்சுக்கத்தான் காசு."

"உம்ம புள்ளைக்குன்னா இப்பவே தாரேன். மெயின்லாண்டுல எவனோ சோதனைக்கு எலி வளக்கவா தரணும்?"

"எம் புள்ள பொழச்சிக்கிட்டா. அவளுக்கு வேணாம்."

அவர் முனகிக்கொண்டே போனார். அடுத்த வெள்ளியன்று தூக்குவாளிகளோடு அவர் வீட்டார்தான் வரிசையில் முதலில் நின்றார்கள். பின்னால் வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள். ஜும்மாவுக்கு நீங்கள் மில்லைப் பூட்டிப்போனபோதும் வரிசை கலையவில்லை. பிறகுதான் வினை. புண்ணியம் வெள்ளியில்தான் என்று ஊரே முடிவுகட்ட, மற்ற நாள்களில் மில்லில் காக்கைகூட எட்டிப்பார்க்கவில்லை.

"மத்த நாளும் வாங்கம்மா, எங்க வீட்டு அடுப்பும் எரியணும்" என்று நீங்கள் கெஞ்சியதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. கடைசியில் காண்ட்ராக்டர்தான் வழி சொன்னார்: "எந்த நாளு அரைச்சாலும் கூலி பாய்க்கு. மேல ஒரு காசு அந்த எலிக்கு." அந்த 'எலிக் காசு' பல வருஷம் மதராஸுக்குக் கப்பலேறியது.

போன மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இதே நோயோ என்று சந்தேகம் வந்தது. முதல் சோதனைக்குக் கையில் ஓர் ஊசி, கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். அழுது முடித்து மிட்டாய் கேட்டது குழந்தை. அந்தச் சோதனையில் நம் ஊர்க் காசு ஒட்டியிருக்கிறதா, யார் கண்டது!

இப்போதும் ஏதாவது ஓர் ஆராய்ச்சிக்கு உதவி கேட்டு வீடு வீடாகப் போகிறேன், பாய். "யாருக்கு டீச்சர்?" என்கிறார்கள். "இன்னும் தெரியாது" என்று கூச்சமில்லாமல் சொல்கிறேன்.