இந்த வருஷம் கழிக்காத முருங்கை

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக முருங்கையில் ஒரு கிளையை வெட்டினேன். தப்பாக வெட்டிவிட்டேன். மேலிருந்து ஓங்கிப் போட்டதில், பாதி அறுபட்ட கிளை தன் பாரத்திலேயே சாய்ந்து, அடிமரத்துப் பட்டையை ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு தொங்கியது. உன் கத்திதான். மீனுக்கும் செடிக்கும் நீ வைத்திருந்த அதே கத்தி. நீ போனதிலிருந்து குழாயடி மாடத்தில் துருவேறிக் கிடந்தது. பிடியை முகர்ந்தால் இன்னும் லேசாக மீன் வாடை.

பட்டை உரிந்த பிறகுதான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. "மொதல்ல கீழ ஒரு வெட்டு குடுக்கா, அப்பறமா மேல. இல்லாங்காட்டி தோலோட பிச்சிகினு வரும்."

எத்தனை வருஷம் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பார்த்தேன் என்று மட்டும் சொல்ல முடியாது. நீ கத்தியை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பேசி வைக்காமலே நமக்குள் அப்படி ஓர் ஏற்பாடு ஆகிவிட்டது. நடுவதும் தண்ணீர் விடுவதும் பெருக்குவதும் என் பங்கு. வெட்டுவது உன்னுடையது.

எங்கள் பின்போர்ஷனுக்கு நீ குடிவந்தபோது கொல்லையில் செடி என்று இருந்தது ஒரு கருவேப்பிலை மட்டும்தான். வந்த வாரமே கேட்டாய், "அக்கா, மீன் கழுவுன தண்ணிய சாக்கடை மோரில ஊத்தவா, செடிக்கு ஊத்தவா?" செடிக்கு ஊற்றலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அடுத்து, எண்ணூரில் உன் அம்மா வீட்டு முருங்கையிலிருந்து கை பருமனுக்கு ஒரு போத்தை வெட்டி ஷேர் ஆட்டோவில் நிற்கவைத்துக் கொண்டுவந்தாய். "அதுக்கும் சார்ஜ் கேக்கறான்க்கா. மடில வெச்சிக்கறேன், கொழந்தன்னு நெனச்சுக்கோன்னேன்." குழியில் மணலும் மக்கிய எருவும் போட்டு அதை நட்டோம். வெட்டுப்பட்ட தலையில் ஓர் உருண்டை சாணியை அப்பினாய், வெயிலில் காயாமல் இருக்க. தினமும் தண்ணீர் ஊற்றப்போன என்னைத் தடுத்தாய். "அழுகிப்பூடும். மண்ணு காஞ்சாதான் ஊத்தணும்."

எல்லாம் தெரிந்தவள் மாதிரி இருந்த நீதான் கருவேப்பிலையைச் சாகடிக்கப் பார்த்தாய். மீன் தண்ணீரில் அது கொழுகொழுவென்று வளர்கிறதே என்று, கருவாடு ஊறிய தண்ணீரையும் அதற்கே தொடர்ந்து ஊற்றிவந்தாய். ஒரு மாதத்தில் இலையெல்லாம் ஓரம் கருகிக் கொட்டிவிட்டது. "மீனு ஊத்தனா துண்ணுது, கருவாடு ஊத்தனா கோச்சிக்குது. இன்னாக்கா இது, ஒரே ஜாதிதான?" என்று நீ இடுப்பில் கை வைத்துக் கேட்டபோது என் வீட்டுக்காரர் ஜன்னலுக்குள்ளிருந்து சிரித்தார். "உப்பும்மா அது. உனக்கு ஊத்துனா நீயும்தான் கருகுவ." உப்பு இறங்கட்டும் என்று நான் பக்கெட் பக்கெட்டாக நல்ல தண்ணீர் ஊற்றினேன். நீ செடியைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டாய். நான் அழாத குறை. மழைக்கு முன்பே பக்கத்துக்குப் பக்கம் துளிர்த்துவிட்டது.

பிறகு நாம் வைத்த மல்லிக்கொடியை வெட்டும் நாளில் இன்னும் மோசம். பொங்கல் முடிந்ததும் சில நாள் தண்ணீரை நிறுத்தி, இலையை உருவி, முழங்கால் உயரத்துக்குக் கொடியைக் கழிப்பாய். "ஆப்பரேசன் தேட்டர் வாசல்ல நிக்கற மாரி நிக்காதக்கா. உள்ள போயி டீ போடு." நான் டீயோடு வரும்போது கொடி மொட்டையாக நிற்கும். மாசி கடைசியில் கூடை கூடையாக அரும்பு விடும். தெருவுக்கே கொடுப்போம்.

போன புரட்டாசியில், மழைக்கு முன்னால் முருங்கையைக் கழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த வாரம்தான் காய்ச்சல். பெரியாஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாய். திரும்பி வரவில்லை. காரியம் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு எண்ணூருக்கே போய்விட்டார்.

முருங்கையை யாரும் கழிக்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு பெரிய கிளை முறிந்து குளியலறைக் கூரை ஷீட்டை உடைத்துக்கொண்டு விழுந்தது. அதற்குப் பிறகு கம்பளிப்பூச்சி. நிலக்கரி லாரிகள் கிளப்பும் கரித்தூள் எப்போதும் போல இலையிலெல்லாம் படிகிறது. "மூஞ்சி கழுவாத புள்ள மாரி கீது பாரு" என்று நீ சொன்னதற்காகவே காலையில் குழாயைப் பிடித்துக் கழுவிவிடுகிறேன். பெருக்கிவிட்டுக் குனிந்த இடுப்பு நிமிர்வதற்குள் வேலைக்கு ராயபுரம் போகும் ரயிலுக்கு நேரமாகிவிடுகிறது. சாயங்காலம் திரும்பினால் மறுபடி அதே சருகு. உண்மையைச் சொல்கிறேன், சில நாள் அந்தப் பின்கதவைத் திறக்கவே பிடிக்கவில்லை.

அதனால்தான் இவர் தரைக்குச் சிமெண்ட் போட்டுவிடலாம் என்றபோது சரி என்றேன். முருங்கை, மல்லி, கருவேப்பிலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வருகிறார்.

இன்று நான் உரித்துவைத்த மரத்தை இவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார்.

"எதுக்கு இப்ப இத வெட்டின? ஞாயித்துக்கெழம எப்படியும் போகப்போறதுதான?"

"சும்மாதான்."

"இடுப்பு வலின்னு ராத்திரியெல்லாம் பொரள்ற. உனக்காகத்தான சொன்னேன்."

எனக்காகத்தான் சொன்னார். அதுதான் மறுத்துப் பேசவும் முடியவில்லை.

ஏன் வெட்டினேன் என்றால், நேற்று உன் போர்ஷனைப் பார்க்க ஒருத்தி வந்தாள். வண்ணாரப்பேட்டைக்காரி, வீட்டில் தையல் வேலை செய்கிறவள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தவள், பின்கதவைத் திறந்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, தை பாதி பூட்ச்சு. இன்னும் இந்த மல்லிய வெட்டாம வெச்சிகினு கீறீங்களே, அப்பறம் எங்கருந்து பூக்கும்?"

"எனக்கு வெட்ட வராதும்மா."

"கத்தி குடுங்க, இப்பவே வெட்டிட்டுப் போறேன்."

கத்தி எங்கே என்று தெரியவில்லை என்று பொய் சொன்னேன். அவள் போன பிறகு மாடத்திலிருந்து எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் வீட்டில் இன்னொருத்தி, உன் கத்தியில் இன்னொரு கை. நினைக்கவே ஆகவில்லை. அதற்கு நானே வெட்டிவிடலாம் என்று காலையில் இறங்கினேன். மரம் பட்ட பாடுதான் உனக்குச் சொன்னேனே.

பிசிறை இழைத்துவிட்டு, உரிந்த இடத்தில் சாணியும் மஞ்சளும் குழைத்துப் பூசினேன். பூசும்போது ஒன்று புரிந்தது. செடியால் வந்த அலுப்பு இல்லை இது. இரண்டு பேர் பார்த்த வேலையை ஒருத்தியாகப் பார்க்கிற அலுப்பு. சிமெண்ட் போட்டால் சருகு போகும். இது போகாது.

மேஸ்திரியை வரவேண்டாம் என்று நாளைக்குச் சொல்லிவிடுவேன். கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுப்பேன். போர்ஷனை அந்த வண்ணாரப்பேட்டைக்காரிக்கே விடப்போகிறேன், வந்த அன்றே கத்தியையும் கொடுத்துவிடுவேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியாது. அவள் மல்லியைக் கழிக்கும்போது நான் டீ போட உள்ளே போகமாட்டேன். பக்கத்தில் நின்று, இந்தத் தடவையாவது, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பேன்.