இடது கை வளையல்

ஏங்க,

வீட்டுல வாயத் தொறந்தா அத்தை காதுல விழும். அதான் எழுதி, பட்டாசு லோடோட லாரியில கிளம்புற உங்க பையில வைக்கிறேன்.

நேத்து திருத்தங்கல்ல உங்க தம்பி பொண்டாட்டி பாண்டிமீனா வளைகாப்புல எனக்கு வயிறு எரிஞ்சது. மறைக்க மாட்டேன். ஆனா பந்தல் ஓரமா நின்னு அவ வயித்தையே நீங்க பாத்தீக பாருங்க, அதுதான் இன்னும் எரியுது.

என் இதய வால்வு பிள்ளைப்பேறு தாங்காதுன்னு விருதுநகர் டாக்டரம்மா சொன்னதும், கைத் தோலுக்கு அடியில கருத்தடைக் குச்சி வைங்கன்னு நான்தான் கேட்டேன். "எனக்கு நீ இருந்தா போதும்"னு சொன்னீக.

அத்தைக்கு அது தெரியாதுல்ல. அடுத்து எனக்குக் கரு தங்கணும்னு, மீனா கையில இருந்து ரெண்டு வளையலைக் கழட்டி என் இடது கையில போட்டுவிட்டாக. குச்சி இருக்கிற அதே கை. வேண்டாம்னு தடுக்காம நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டீக.

குச்சியை எடுக்க மாட்டேன். எனக்கு உசிரோட இருக்கணும். வளையலையும் கழட்ட மாட்டேன். அது மட்டுமாவது மீனாகிட்ட இருந்து எனக்கு வந்ததா இருக்கட்டும்.

நீங்க திரும்பி வர்றப்ப வாசல்ல நிப்பேன். மொதல்ல என் மொகத்தைப் பாருங்க.

இப்படிக்கு,
போதும்னு நீங்க சொன்னவ