பழையதாகிப்போன திருத்தங்கள்

திருகோணமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

தாதியர் பாடநூல் மொழிபெயர்ப்பு முடியும் தறுவாயில் ஓர் அருவருப்பான காரியம் நடந்தது. பயப்பட வேண்டாம், எனக்கு ஒன்றுமில்லை.

மடிக்கணினியில் எழுதுவேன், வீட்டுக்காரி ரிப்காவின் பெரிய கணினியில் திருத்துவேன். இணையமின்றி இரண்டையும் கம்பியால் இணைத்து, பிந்திய திகதியுள்ள பிரதி மற்றதன்மேல் பதியும்படி அவளுடைய தம்பி அஸாம் ஒழுங்கு செய்தார். பெரிய கணினியின் திகதி பல வருடம் பின்னுக்கு நிற்பதை அன்றே காட்டினேன்.

"அது சும்மா மணிக்கூடு, டீச்சர். ஒண்டும் செய்யாது."

செய்தது. ஒரு மாதம் கழித்து இணைத்தபோது என் திருத்தங்களெல்லாம் பழையவை என்றாகி, திருத்தாத பிரதி அவற்றின்மேல் பதிந்துவிட்டது. ஒரு மாத உழைப்பு.

"இன்டர்நெட்டில போட்டிருந்தா இப்பிடி வராது, டீச்சர்," என்று சிரிக்கிறார்.

"பிழை உம்முடையது, புத்திமதி எனக்கோ?" என்றேன்.

மருந்தளவில் ஒரு புள்ளி தவறினாலும் ஆள் சாகும் என்று எழுதுகிற எனக்கு அந்தச் சிரிப்பு அருவருப்பாக இருந்தது.

பெரிய கணினியின் மணிக்கூட்டை ஓட்டும், உப்புக் காற்றில் பழுதான உள்மின்கலத்தை மாற்றித் திகதியைச் சரிசெய்தாயிற்று. மாதமுடிவில் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். மறுபடி திருத்த, மூலநூலோடு தனியே ஒப்பிட்டால் கண் பிழையைத் தாண்டிவிடுகிறது. ரிப்கா நல்லவள், ஆனால் எனக்கு உரக்க வாசிக்கும்போது பாதிச் சொல்லை விழுங்குகிறாள். உங்களைப்போல் நிறுத்தி வாசிக்க இங்கே ஆளில்லை. ஏலுமென்றால் வவுனியாவிலிருந்து பஸ் ஏறுங்கள். தலையணை கொண்டு வாருங்கள், இங்குள்ளது கல்.

கடிதத்தைத் தபாலில் போட ரிப்கா வாசலில் நிற்கிறாள். மற்றக் கட்டிலுக்கு நேற்றே விரிப்பு மாற்றிவிட்டேன்.

தங்கை,
இராசமலர்